குடோன் வாசலிலிருந்து என்னைப் படிக்க வைத்த அம்மா

அம்மா இல்லாத முதல் ஆண்டு இன்றோடு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் சொல்ல எவ்வளவோ உண்டு. பள்ளியில் என் இடத்தை அம்மா மீட்டுத் தந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் பிறந்த அம்மா, திருமணமாகி எறணாகுளம் பக்கம் மட்டாஞ்சேரிக்கு வந்தார். சுமை தூக்கும் வேலை செய்த அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார். ஓட்டலில் காய்கறி நறுக்கி அம்மா என்னை வளர்த்தார். எனக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். பெரிய எழுத்துப் புத்தகமும், பள்ளிக்கு வாரம் இருமுறை வரும் சிறப்பாசிரியையும் இருந்ததால்தான் படிக்க முடிந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வாடகை அறை மழையில் இடிந்தது. நிவாரண முகாம் மூடியபின் பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் குடோன் வாசலில் தங்கினோம். மீண்டும் பள்ளிக்குப் போனபோது என் பெயரை நீக்கியிருந்தார்கள். அட்ரஸ் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள்.

"வீடுதான் சார் விழுந்துச்சு. பிள்ளை முழுசா நிக்கிறாளே!" என்றார் அம்மா. பலனில்லை.

சிறப்பாசிரியை எங்களைத் தேடி வந்தார். "அம்மே, வீடில்லேன்னு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவளுக்குள்ள சகாயத்தையும் நிறுத்தக் கூடாது. சட்டமுண்டு. கல்வி ஆபீஸில் எழுதிக் கொடுங்க."

அம்மாவுக்கு மலையாளம் பேசத்தான் வரும். என்னை எழுதச் சொன்னார். என் கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதியதில் ஆறு தாள் ஆயிற்று. முகவரி எழுதும் இடத்தில் தயங்கினேன்.

"குடோன் வாசல், பஜார் ரோடுன்னு எழுது. இதுல என்ன கூச்சம்?"

கல்வி ஆபீஸில் அதிகாரி தாள்களைப் புரட்டினார். "இது ஆர் எழுதியது?"

"என் மோள்தான் சார். இதைவிடச் சின்னதா எழுதினா அவளுக்கே தெரியாது."

அவர் உடனே பள்ளிக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டல் முதலாளி மாடியறை தரும்வரை ஏழு மாதம் அந்த வாசலில்தான் வீட்டுப்பாடம். அம்மா அலுத்துக்கொண்டதே இல்லை. "காத்து நல்லா வருது" என்பார்.

இன்று எறணாகுளத்தில் பி.ஏ. படிக்கிறேன். இதய நோயால் மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் அம்மா, என் கல்லூரி அடையாள அட்டையை வார்டு முழுக்கக் காட்டி மகிழ்ந்தார். நிறைந்த மனத்தோடுதான் கண்மூடினார்.

சிறப்பாசிரியைக்கும், முதலாளி சேட்டனுக்கும், இறுதிவரை உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும் என் வணக்கம். நன்றியை எழுதி மட்டும் முடித்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. மதியச் சோறு தயார். அனைவரும் வயிறார உண்டுவிட்டுத்தான் போக வேண்டும்.