கடைப்பலகையா, பெட்டிப்பலகையா?

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. கேரம் போர்டை மலைக்குக் கீழே கம்பம் ஊரில் கடையில் வாங்குவதா, தேயிலைப் பெட்டிப் பலகையை வைத்து நாமே செய்துகொள்வதா என்பதுதான் வழக்கு. கடை என்றவள் நான். செய்வோம் என்றவன் என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன். நீதிபதி அப்பா என்றுதான் இருவருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் நடுவில், பீர்மேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நாங்கள் இருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையது கடைசிக்கு முந்தையது. அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். அப்பா ஃபேக்டரியில் தூளைப் பெட்டிகளில் அடைக்கும் இடத்தில் வேலை பார்த்தார். மழை பிடித்தால் அந்தப் பக்கம் மாதக்கணக்கில் விடாது. ஒரே அறைக்குள் இரண்டு பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆடி மழையில் நாங்கள் போட்ட சண்டை தாங்காமல் பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள். போனஸ் வந்ததும் இரண்டு பேரையும் ஓர் இடத்தில் உட்கார வைக்கிற மாதிரி ஏதாவது வாங்கிப் போடுகிறேன் என்று அம்மா அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

கேரம்தான் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. ஸ்டாஃப் கிளப்பின் ஜன்னல் வழியாக இருவரும் அதைப் பார்த்திருந்தோம். பளபளக்கும் பலகை, அதற்கு நேர் மேலே தொங்கும் விளக்கு, மூலைக்கு மூலை வலைப்பை. லயத்துப் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது. ஜன்னலில் நிற்பதை வாட்ச்மேன் கண்டுகொள்ள மாட்டார், அதுவும் அவருடைய மனநிலையைப் பொறுத்தது. காய் பைக்குள் விழும் சத்தம் வெளியே வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் நான் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்ப்பேன். அது மாதிரி ஒன்று எனக்கு வேண்டாம். அதுவே வேண்டும்.

அண்ணனின் கட்சி வேறு. கடைப்பலகை சின்னது, விலை அதிகம், கேரம் ஆடுவதைத் தவிர ஒன்றுக்கும் உதவாது என்றான். நாமே செய்தால் வேண்டிய அளவுக்குச் செய்துகொள்ளலாம். பின்பக்கம் தாயக்கட்டம் வரையலாம், ஆடுபுலி வரையலாம். ஒரு மூலை போனால் அந்த மூலையை மட்டும் மாற்றலாம். காயும் ஸ்டிரைக்கரும் மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும், மிச்சத்துக்கு இறகுப்பந்து மட்டை இரண்டு வரும். கடைசியாக, அப்பாவைப் பார்த்துக்கொண்டே ஓர் அம்பை விட்டான்.

"ரெண்டு கல்லு மேல தூக்கி வச்சா படிக்கிற மேசையும் ஆச்சுப்பா."

படிப்பு என்ற சொல்லைக் கேட்டால் அப்பா உருகிவிடுவார். அன்றும் உருகினார். எனக்கு அந்த மேசையை நினைத்தாலே எரிச்சலாக வந்தது. மேசையாகவும் இருக்கும் கேரம் பலகை எப்போதும் மேசையாகத்தான் இருக்கும், நாம் விளையாட உட்கார்ந்ததும் யாராவது வந்து புத்தகத்தை எடு என்பார்கள் என்பதை அந்த வயதிலேயே நான் அறிந்திருந்தேன். இதை வெளியே சொல்ல முடியாது. ஆகவே அண்ணனின் கைவண்ணத்தைப் பற்றிப் பேசினேன். அவன் செய்த வண்டிக்கு இன்னும் சக்கரம் வரவில்லை. அவன் செய்த புறாக்கூட்டில் புறா எந்த வழியாக நுழைவது என்று புறாவுக்கும் தெரியவில்லை. அவனுடைய எல்லாப் பொருளும் நாளைக்கு முடிந்துவிடும் நிலையிலேயே இருந்தன.

பலகைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஃபேக்டரியில் உடைந்துபோகும் தேயிலைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போதிருந்த ஆபீசர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுச் சாமானில் பாதி அப்படி வந்தது. பாத்திர அலமாரி பெட்டிப்பலகை, துணி வைப்பது பெட்டி, உட்காரும் பெஞ்சு பெட்டிப்பலகை. எல்லாவற்றிலும் எஸ்டேட்டின் பெயர் கறுப்பு மையில் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுத்தது எங்கள் பாத்திர அலமாரிதான்.

கேரள எஸ்டேட் ஆகையால் போனஸ் ஓணத்துக்கு வந்துவிடும். எங்களுக்குப் பண்டிகை தீபாவளி. நடுவில் இருக்கும் நாட்களில் அந்தப் பணத்தை உயிரோடு வைத்திருப்பது அம்மாவின் தனிச் சாமர்த்தியம். அந்த நாட்கள் முழுவதும் நான் ஒற்றைக்காலில் நின்றேன். அழவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை. அழுதால் அடி விழும், சாப்பிடாவிட்டால் என் பங்கை அண்ணன் சாப்பிட்டுவிடுவான். நான் கையில் எடுத்தது வேறு வழி. சொல்லாமலே தண்ணீர் சுமந்தேன், விறகு பொறுக்கினேன், ஒவ்வொரு வேலை முடிந்ததும் அம்மாவிடம் போய், "கம்பத்துக்கு எப்பம்மா ஆள் போகுது?" என்று மட்டும் கேட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அப்பா என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார். மூன்றுதான் என்று நான் நின்றேன்.

இந்தத் தொல்லை தாங்காமல் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரிப் பலகை செய்து காட்டுவதாகச் சவால் விட்டான். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். பெட்டியின் தகர ஓரத்தைப் பிடுங்கும்போதே கையைக் கிழித்துக்கொண்டான். துணியைச் சுற்றிக்கொண்டு மேலே வேலை பார்த்தான். அந்தப் பிடிவாதத்தில் அவனும் எனக்குச் சளைத்தவன் இல்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூலைகளில் துளை போட்டான். நான்கும் நான்கு அளவில் வந்தன. சோடாப்புட்டி மூடியைக் காயாக வைத்து அடித்துப் பார்த்தோம். பலகையில் பிசிறி நின்ற சிம்பில் மாட்டி, எஸ்டேட் பெயரின் முதல் எழுத்தின் மேலேயே காய் நின்றுவிட்டது. திருப்பி அடித்தோம், மறுபடி அங்கேயே நின்றது.

"இது சாம்பிள்தான்" என்றான் அண்ணன்.

"தேய்ச்சா சரியாப் போயிரும்" என்றார் அப்பா.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளை நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேரமைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவள் பலகையைப் பார்த்தாள், அந்த எழுத்தைப் பார்த்தாள், பிறகு வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கடையிலயே வாங்கிருவோம்."

"எதுக்கு? பலகைதான் சும்மா கெடக்கே" என்றார் அப்பா.

"கெடக்கட்டும். இது ஒண்ணாச்சும் கடையில வாங்குவோம்."

அப்பா சாம்பிள் பலகையை எடுத்துச் சுவரோரம் வைத்தார். பணம் இரண்டு பேருடையதும்தான் என்றாலும் அம்மா வாயைத் திறந்து ஒன்றை வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சுமந்த தண்ணீரெல்லாம் வீண் போகவில்லை என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணனைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.

தீபாவளிக்கு நான்கைந்து நாள் முன்னால், கம்பத்திலிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, போர்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாநில எல்லையில், குமுளி செக்போஸ்டில், அரிசி கடத்துகிறார் என்று பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்களாம். அவிழ்த்துப் பார்த்தவர்கள் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அனுப்பினார்களாம். மாமா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனாலும் கறுப்புக் காய் ஒன்று குறைந்தது. அதற்குப் பதிலாக ஒரு பெரிய சட்டைப் பித்தானை வைத்துக்கொண்டோம். அதைத் தவிர எல்லாம் ஜன்னலில் பார்த்த மாதிரியே இருந்தது. தடவிப் பார்த்தால் கை வழுக்கியது. வார்னிஷ் வாசனை வீடெல்லாம் நிறைந்தது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்தப் பொருளும் எனக்குத் தரவில்லை.

சந்தோஷம் ஐப்பசி முடிகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியது. மஞ்சு என்றால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மஞ்சு அல்ல, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து துணிகளின் மேல் உட்காரும் மஞ்சு. காய்ந்த ஊரில் செய்த பலகை அதைக் கண்டதில்லை போலிருக்கிறது. சுட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது. எப்படி அடித்தாலும் காய்கள் அடுப்புப் பக்கத்து மூலைக்கே போய்ச் சேர்ந்தன. அந்த மூலைக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜெயித்தார்.

அண்ணனுக்கு இதைவிடப் பெரிய தீபாவளி தேவைப்படவில்லை. "பெட்டிப்பலகை இப்புடி வளையுமாடி?" என்று காலையும் மாலையும் கேட்டான். நான் விடவில்லை. அடுப்பருகே வைத்துக் காயவைத்தேன். அம்மிக்கல்லை உருட்டிக் கொண்டுவந்து மேலே ஏற்றினேன். கல் ஏறியது, பலகை இறங்கவில்லை. கடைசியில், நல்ல போர்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் சாய்வு இருக்கும், தெரிந்தவர்கள் அதற்கேற்ற மாதிரி அடிப்பார்கள் என்று ஒரு புதிய விதியைக் கண்டுபிடித்தேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று அண்ணனின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கூடம் நிஜமாகவே கோணல் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கடைப்பலகையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மார்கழியில் எஸ்டேட்டுக்குப் புது ஆபீசர் வந்தார். ஃபேக்டரியில் பெட்டிக் கணக்கு குறைகிறது என்று பேச்சு அடிபட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு வாட்ச்மேன்களோடு அவரே லயத்துக்கு வந்துவிட்டார். எஸ்டேட் எழுத்து இருக்கிற எதுவும் லயத்தில் இருக்கக் கூடாதாம். முதல் வீட்டிலிருந்து சாமான் வெளியே வரும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒடைஞ்ச பெட்டிதான் சார், பழைய சார் எடுத்துக்கிடச் சொன்னாரு என்றார். எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டார் ஆபீசர். வாயால் சொன்னதுதான். வாட்ச்மேன்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள், ஆகவே முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். அலமாரியிலிருந்த பாத்திரங்கள் தரைக்கு வந்தன. துணிப்பெட்டியைக் கவிழ்த்தார்கள், அம்மாவின் கல்யாணப் புடவை எல்லோருக்கும் முன்னால் தரையில் விழுந்தது. பெஞ்சு போனது. அண்ணனின் சாம்பிள் பலகையும் போனது. எனக்குப் பயமாக இருந்தது, கூடவே அவமானமாகவும் இருந்தது, நாங்கள் எதையோ திருடிவிட்டது போல.

அப்போதுதான் ஒரு வாட்ச்மேன், சுவரில் சாய்த்திருந்த கேரம் போர்டையும் தூக்கினார்.

"அதை வைங்க."

சொன்னது அம்மா. ஆபீசர்கள் வரும் பாதையில் எதிர்ப்பட்டால் கூடையோடு ஓரத்தில் இறங்கி நிற்கிறவள் அவள். அன்றைக்குக் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"இதும் பெட்டிப்பலக அல்லே?" என்று மலையாளம் கலந்து கேட்டார் ஆபீசர்.

"இல்லைங்க. கம்பத்துல கடையில காசு குடுத்து வாங்குனது. எங்களோடது."

"பில் உண்டோ?"

"பில்லு இல்ல. திருப்பிப் பாருங்க. ஒரு எழுத்து இருந்தா எடுத்துட்டுப் போங்க."

அப்பா அவளை அதட்டுவதுபோல ஏதோ ஒரு சத்தம் எழுப்பினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளே வாட்ச்மேன் கையிலிருந்து பலகையை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஆபீசர் குனிந்து நான்கு மூலையும் தடவிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை. விரலில் ஒட்டிய கேரம் பவுடரைத் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த வீரத்தைச் சொல்லி முடியாது. அவர்கள் தலை மறைந்ததும் அண்ணனிடம் போய், "பாத்தியா? ஒம் பெட்டிப்பலகையைச் செஞ்சிருந்தா அதும் போயிருக்கும்ல?" என்றேன். வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்துவிட்டதாகவே நினைத்தேன். அவன் பாத்திரங்களைச் சுவர் ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆட்டம் போட்டேன். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்தப் பலகையைத் தொட்டு விளையாடியதே இல்லை. எப்படி அடிக்கணும் என்று கேட்டாள். காட்டிக்கொடுத்தேன். கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரலால் சுண்டினாள். எப்படியோ ஒரு வெள்ளைக்காய் விழுந்தது. அடுத்த சுண்டில், காய் விழாமல் ஸ்டிரைக்கரே அடுப்பு மூலைக்கு உருண்டு குழிக்குள் போய்விட்டது.

"தப்பாட்டம்மா. எடுத்த காயைத் திருப்பி வைக்கணும்" என்றேன்.

அம்மா அந்த வெள்ளைக்காயைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"வைக்க மாட்டேன்."

"வைக்கணும்மா, அதான் சட்டம்."

"எடுத்தது எடுத்ததுதான். யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன், போடி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையைத் திறக்கவில்லை. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. அப்பா எழுந்து வெளியே போய் மஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு இந்த ஆட்டம் சுத்தமாகப் புரியவில்லை, இனிமேல் அவளைச் சேர்க்கக் கூடாது என்று அண்ணனிடம் சத்தமாகச் சொன்னேன். அவனும் என்னோடு சேர்ந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஏன் சிரிக்காமல் அம்மாவின் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.