விறகுக் கட்டுக்குப் பின்னால் காய்ந்த துணி

கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த புதிதில் எனக்குப் பிறப்புறுப்பில் தீராத அரிப்பு, சிறுசிறு கொப்புளங்கள். என் உடம்பை நினைத்தாலே எனக்குக் குமட்டியது. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எரிச்சல்தான் கூடியது.

பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "மாசவிலக்குத் துணிய எங்குட்டுக் காயப்போடுறீக?" என்றார்.

"ஆம்பளைக கண்ணுல படக்கூடாதுன்னு விறகுக்குப் பின்னாடி."

"சரியாக் காயாத துணி உரசித்தான் இந்தப் புண்ணு. நல்ல வெயில்ல காயப்போடுங்க. அங்க சோப்பும் வேணாம்."

வீட்டுக்கு வந்து துணியை எடுத்தேன். பூசண வாடை, மடிப்பில் கரப்பான் எச்சம். இதையா வைத்துக்கொண்டேன்? வாந்தியே வந்துவிட்டது. முற்றத்தில் மிளகாய் வற்றலெல்லாம் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

துவைத்து முற்றத்துக் கொடியில் விரித்தேன். "ஆம்பளைக நடமாடுற எடம்டீ!" என்று மாமியார் கத்தினார்.

"கண்ணை மூடிக்கிட்டு நடக்கச் சொல்லுங்க அத்தை."

புண் ஆறிவிட்டது; அத்தனை நாள் என் உடம்பைப் போய் வெறுத்தேனே என்றுதான் இன்றும் மனசு ஆறவில்லை. மறுமாதம் அதே கொடியில், என் துணிக்குப் பக்கத்தில், நாத்தனாரின் துணியும் காய்ந்தது.