மைதிலி கேட்ட அரை மணி நேரம்

நாமக்கல்லில் முட்டைக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் மைதிலிக்கு வயது நாற்பத்தாறு. எழுதிய சிறுகதைகள் பதினொன்று. ஊர் எழுத்தாளர்கள் ஆண்டுக்கொரு முறை கூடுவார்கள். அதற்கு முன் 'அமர்வுகளுக்குத் தலைப்பு சொல்லுங்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். அவளும் விடாமல் அனுப்புவாள்: கதையை எங்கே முடிப்பது, பேச்சுவழக்கை எவ்வளவு எழுதுவது, கெட்டவன் பக்கத்து நியாயத்தை எப்படிச் சொல்வது. கைகூப்பும் படங்கள் நாலைந்து வந்து விழும். அழைப்பிதழில் மட்டும் 'சிறுகதையில் பெண்மை' என்றே அச்சாகும், அதில் அவளையும் உட்கார வைத்துவிடுவார்கள். ஆறு வருஷம் உட்கார்ந்தாயிற்று. பெண்மையைப் பற்றிச் சொல்ல அவளிடம் இனி ஒரு வார்த்தை பாக்கியில்லை.

அவள் கதைகளைப் பற்றியோ, 'அருமை' என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. கீறல் விட்ட முட்டையை அருமை என்று சொல்லி அட்டையில் அடுக்கினால் கிடங்கில் அவளுக்கு வேலை இருக்குமா?

இந்த வருஷம் எழுத்தாளர் குழுவின் தலைவர் குணசீலன் வீட்டுக்கே நேரில் போய்விட்டாள். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர்.

"அரை மணி நேரம் குடுங்க சார். கதையப் படிக்கோணும், எங்க சலிக்குதோ அங்க கேக்கறவங்க கையத் தூக்கோணும். அதான் அமர்வு."

"எழுதுனவங்க மனசு நோவுமுங்களே அம்மிணி?"

"மொதல்ல எங்கதையத்தான் படிக்கப் போறனுங்க."

பன்னிரண்டரைக்கு என்று அச்சடித்தார்கள். கூட்டத்தன்று அந்த நேரத்தைப் பொன்னாடைகள் தின்றன. மேடையில் இருந்தவர்களுக்குப் போர்த்தி, போர்த்தியவர்களுக்கும் போர்த்தி, போட்டோ சரியாக வரவில்லை என்று ஒருவருக்கு மறுபடியும் போர்த்தினார்கள். ஒன்றேகாலுக்குக் குணசீலன் வந்தார்.

"எலை போட்டாச்சுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

மைதிலிக்கு வந்த கோபத்தில் மைக்கை அவளே எடுத்துக்கொண்டாள். "பசிக்கறவங்க போய்ச் சாப்புடுங்க. நான் படிக்கறேன்."

பாதிப் பேர் போனார்கள். பரமத்தி வேலூரில் புருஷன் வீட்டைவிட்டுக் கரூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் ஒருத்தியின் கதை அது. இரண்டாவது பத்தியிலேயே ஒரு கை எழுந்தது. பிறகு ஐந்து, பிறகு எண்ணவில்லை. அந்திவானத்தைப் பற்றி நாலு நாள் உட்கார்ந்து எழுதிய பத்தி. முகம் தீயாய் எரிந்தது. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"ஏனுங்க? சொல்லுங்க."

லாரி பாடிக்குப் பெயின்ட் அடிக்கும் வீரன் எழுந்தார். "ஊட்ட உட்டுப் போறான்னு மொத வரியிலயே சொல்லிப்போட்டீங்க. அப்பறம் வானத்தப் பாத்துட்டு நின்னா எப்புடிங்க? கரூர் பஸ்ஸுல ஏறுனாளா இல்லீங்களா?"

"நிக்கத்தான் செய்வா," என்று பின்வரிசையிலிருந்து ஜானகியம்மாள் சீறினார். "பயம் இருக்காதுங்களா? ஆனா, வானத்தப் பாக்கமாட்டா. தெரிஞ்சவங்க ஆராச்சும் வாராங்களான்னு ரோட்டத்தான் பாப்பா."

வீரன் விடவில்லை, அவரும் விடவில்லை. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். தான் உண்டாக்கிய ஒருத்திக்காக இரண்டு பேர் நிஜமாகவே சண்டை போடுகிறார்கள். மைதிலிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது, அதை அவள் மறைக்கவுமில்லை.

"ரசம் ஆறுதுங்க," என்றார் குணசீலன்.

"ஆறட்டுமுங்க சார்." அந்திவானத்தை எல்லார் முன்னாலும் பேனாவால் அடித்துவிட்டு அவள் மூன்றாவது பத்தியைப் படிக்க ஆரம்பித்தாள்.