மூன்று கட்டும் ஒரு குச்சியும்

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் விரல்களில் அடிமட்டக் கோலால் அடித்தேன். கணக்குப் பிழை என்று அடித்தேன். பிழை என்னுடையது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் கணித ஆசிரியராக இருந்த நான், ரொறன்ரோவுக்கு வந்தபின் கிழமை நாட்களில் பக்கத்து நகரான பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கினேன். சனிக்கிழமை காலையில் எங்கள் தொடர்மாடியின் பேஸ்மென்ற் அறையில் சின்னப்பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுத்தேன். இடுப்பு நோ, நித்திரைக் குறைவு. பொறுமை வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிடும்.

அன்று இடப்பெறுமானம்: எத்தனை கட்டு என்பதை முதலிலும், மிச்சக் குச்சிகளை அதற்குப் பக்கத்திலும் எழுதுவது. ஆளுக்கு முப்பத்தேழு ஐஸ்கிறீம் குச்சிகள் கொடுத்தேன். பத்துக் குச்சியில் கட்டிவைத்த ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி, "இப்பிடிக் கட்டுங்கோ" என்றேன். பத்து என்று வாயால் சொன்னதாக நினைவில்லை. அவள் மூன்று கட்டும் ஒரு தனிக் குச்சியும் வைத்து, 31 என்று எழுதியிருந்தாள்.

"மிச்சக் குச்சி எங்கை? விழுத்திப்போட்டியோ?"

"இல்லை சேர். கையிலை எண்ணித்தான் கட்டினனான்."

"உனக்கு மட்டும் கூட விரலோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பெருவிரலால் மற்ற விரல்களின் கோடுகளைத் தொட்டுக் காட்டத் தொடங்கினாள். சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து அடித்தேன்.

திங்கட்கிழமை வெயர்ஹவுஸில், சோஸ் போத்தல்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் பெருவிரல் தானாகவே விரல் கோடுகளில் ஓடியது. விரலுக்கு மூன்று கோடு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எண்ணுவோம். அவள் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று கட்டுக் கட்டி, மிஞ்சிய ஒன்றைத் தனியே வைத்து, அந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறாள். நான் படிப்பிக்க நினைத்ததும் அதைத்தான். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன். "பிழை என்ரை, பிள்ளை. மன்னிச்சுக்கொள். எப்பிடி எண்ணினனீ எண்டு எல்லாருக்கும் காட்டம்மா."

அவள் கைகளை ஜக்கெற் பொக்கெற்றுக்குள் விட்டாள்.

"நான் இனிப் பத்துத்தான் கட்டுவன் சேர்."

அவளைக் கூட்டிப்போக வந்த தாயிடமும் என் பிழையைச் சொன்னேன். "அதுக்கென்ன மாஸ்ரர், அடிச்சாத்தானே படிப்பாள்" என்று சிரித்தார். அது அடியை விட மோசமாக இருந்தது.

அடிமட்டத்தை அன்றே குப்பையில் போட்டேன். அவள் இன்னும் இரண்டு வருடம் வந்தாள். ஒரு கணக்கும் பிழைத்ததில்லை. எண்ணும்போது மட்டும் கைகள் மேசைக்குக் கீழே இருக்கும். நான் பக்கத்தில் போனால், உதடு அசைவதும் நின்றுவிடும்.