தொங்கிய ஒயர்

வாசிப்பவரே, சற்று அருகில் வந்து சாட்சியாக நில்லுங்கள். பேச்சுப் போட்டி மேடைகளில் எதிரணியை மடக்கிப் பேசியே பழகியவன் நான். இன்று எனக்கு எதிராகப் பேச வந்திருக்கிறேன்.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரிடம் முறையிட வேண்டியிருந்தாலும், ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் அப்பா போனை என் கையில் கொடுத்துவிடுவார். "நீ பேசுப்பா, உன் வாய்க்கு எவனும் நிக்க மாட்டான்" என்பார். நான் வாங்கிய கோப்பைகளைவிட அந்தச் சொல்லில்தான் எனக்குக் கர்வம்.

அதே கம்பெனியில் தரம் பார்க்கும் அக்காவுக்கு, சென்னையில் ஷூ வடிவமைக்கும் வேலைக்கு வீடியோ நேர்காணல் வந்தது. அவள் அறைக்கு வைஃபை எட்டாது. செல்போன் சிக்னலும் நிலைக்காது. ரௌட்டரில் ஒயர் செருகும் போர்ட் ஒன்றுதான் காலி, டிவிக்கும் ஒன்று வேண்டியிருந்தது. ஆகவே ஒரு ஸ்விட்ச் பெட்டி வாங்கி வந்தேன். ரௌட்டரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் வந்தால், அதிலிருந்து பல ஒயர்கள் கிளம்பலாம். முதலில் டிவிக்கு ஒன்றை இழுத்தேன். நீளம் போதவில்லை, பெட்டியில் ஒரு முனை செருகியபடியே அதை விட்டுவிட்டேன். அக்கா அறைக்கு இழுத்த ஒயர் சரியாக அமைந்தது, படமும் தெளிவாக வந்தது.

"பரவால்லடா. வாய் மட்டும்தான்னு நெனச்சேன், கையும் இருக்குது" என்றாள். தான் வரைந்து தைத்த மாதிரி ஷூக்களை மேசையில் அடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

உள்ளே நேர்காணல் தொடங்கியது. கூடத்தில் நான் என் கைவேலையை ரசித்துக்கொண்டிருந்தேன். டிவிக்கு எட்டாத அந்த ஒயரின் மறுமுனை தொங்கியது கண்ணை உறுத்தியது. பாதியில் நின்ற வாக்கியம் எனக்கு எப்போதும் பொறுக்காது. யோசிக்காமல் அதே பெட்டியின் காலி போர்ட்டில் அதையும் செருகினேன். பெட்டியிலிருந்து கிளம்பியது பெட்டிக்கே திரும்பிச் சுற்ற, அதன் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் மின்னின.

"டேய், போய்ட்டுச்சுடா. இன்னா பண்ணே?" உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. லைன்ல கோளாறு. இரு, பேசுறேன்."

அப்பா அதற்குள் இன்டர்நெட்காரரை அழைத்துப் போனை நீட்டினார். இணைப்புத் தந்த அந்த ஆள் நிதானமாகக் கேட்டார்: "சார், புதுசா எதனா சொருவினீங்களா?"

பெட்டி என் காலடியில் துடித்துக்கொண்டிருந்தது. "பழியைப் பயனாளியின் தலையில் சுமத்துவதா உங்கள் சேவை?" என்று தொடங்கினேன். உரிமை பேசினேன், கடமை பேசினேன். அப்பாவின் முகத்தில் பெருமை படர்வதைக் கண்டு இன்னும் நீட்டினேன்.

கதவோரம் அக்கா, கையில் ஒற்றை ஷூவுடன் நின்றிருந்தாள்.

"முடிச்சிட்டியா? நான் உள்ள போறப்ப இது தொங்கிட்டு இருந்துச்சு."

குனிந்து அந்த ஒயரைப் பிடுங்கினாள். விளக்குகள் அடங்கின. உள்ளே ஓடியவள், சிறிது நேரத்தில் மெல்ல வெளியே வந்தாள்.

"அடுத்த ஆள கூப்ட்டாங்களாம். எனக்கு இனிமே இல்லியாம்."

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஷூக்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

அப்பா என் கையிலிருந்த போனை வாங்கினார். யாரிடமும் முறையிடத் தெரியாத அவர், இன்னும் இணைப்பில் இருந்தவரிடம் சொன்னார்: "தப்பு எங்க மேலதான்பா. மனசுல வச்சிக்காத."

இருவரும் கேட்கச் சொன்னேன்: "இனிமே யாரு இன்னா பண்ணேன்னு கேட்டாலும், பண்ணத மொதல்ல சொல்றேன்கா. அப்புறம்தான் பேச்சு."