அவள் பங்கு முட்டை

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். புதுத் துறைமுகம் திறந்த புதிதில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் உப்பு மூட்டைக்கும் நிலாவாரை இலைப் பொதிக்கும் சீட்டு எழுதி எழுதிப் படிந்த கை அது. அந்தக் கையால் ஏழெட்டு மாதம் வாராவாரம் ஒரு பொய்யை எழுதிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. எங்கள் பக்கம் அப்படியென்றால் ஆம்பிளையை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். என் மனைவியைத்தான் பார்த்தார்கள். லேடி டாக்டரிடம் நடையாய் நடந்தாள். கொடுத்ததையெல்லாம் விழுங்கினாள். கடைசியில் அந்த டாக்டரம்மாவே, "உங்கிட்ட ஒரு கொறையும் இல்லம்மா, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதற்கும் நான் நாலு மாதம் கப்பலைச் சாக்குச் சொல்லி இழுத்தடித்தேன்.

பாளையங்கோட்டையில் சோதித்தார்கள். உயிரணு குறைவு, இருப்பதும் சுறுசுறுப்பாக இல்லை என்றார் டாக்டர். "சிகரெட்ட இன்னையோட விட்டுருங்க. தினம் முட்டை, மீன், கீரை, ஒரு கை நிலக்கடலை. இந்த விட்டமின் மாத்திரையும் சாப்பிடுங்க. மூணு மாசத்துக்கு முன்னால ஒண்ணும் தெரியாது. அப்புறமும் சரியாகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். நேர்மையான மனுஷன். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பஸ் நின்றது. "அத்தைகிட்ட எனக்குத்தான் சத்துக் கொறைவுன்னு சொல்லிருதேன். நீங்க நாலு பேரு முன்னால போய் நிக்கணும்லா" என்றாள் என் மனைவி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் வழியாக வெள்ளரிக்காய் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அந்த வெள்ளரிக்காயை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மருமகளுக்குச் சத்துக் குறைவு என்று கேட்ட மறுநாளே சாளை மீனும் முருங்கைக் கீரையும் வீட்டுக்கு வந்தன. காலையில் இரண்டு முட்டை அவித்து, "ஏளா, தின்னு" என்று கையில் கொடுப்பாள். இவள் அடுக்களைக்குள் போய் இரண்டையும் என் கேரியரில் சோற்றுக்கு அடியில் புதைத்துவிடுவாள். மாத்திரையைத் தாளில் மடித்துப் பக்கத்தில் வைப்பாள். உடன்குடிக் கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும் கிண்டிக் கொடுத்தாள் அம்மா. களியை ஒளிக்க வழியில்லாததால் அதை மட்டும் அவளே தின்றாள்.

ஆபீசில் பக்கத்து மேசை அண்ணாச்சிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "ஏலே, சோத்துக்குள்ள தெனமும் கோழி முட்ட போடுதே!" என்று கேலி செய்தார். இன்னொருவர் விஷயத்தை மோப்பம் பிடித்து, முத்துப் பஸ்பம் தின்றால் கல்லுக்கும் பிள்ளை பிறக்கும் என்றார். முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆன பிறகும் எங்கள் ஊரில் முத்துக்கு வைத்தியர்கள் குறையவில்லை. டாக்டரிடம் கேட்டேன். "என்னன்னு தெரியாதத வயித்துல போடாதீங்க" என்றார். அதையாவது கேட்டு நடந்தேன்.

மாதங்கள் போயின. எனக்குத் தொந்தி வைத்தது. அவள் இளைத்தாள். "தின்னுததெல்லாம் எங்கனளா போவுது?" என்று அம்மா அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள்.

இனி அந்தச் சீட்டு. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஞாயிறு ஆராதனையில் விண்ணப்பப் பெட்டியில் விழுந்த சீட்டுகளை அவர் வாசித்து ஜெபிப்பார். பேர் போட மாட்டோம், ஆனால் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்: "கர்ப்பம் அடைக்கப்பட்டிருக்கிற என் மருமகளுக்காக." தடங்கலில்லாமல் வாசிக்கும்படி அழகாக எழுதிக் கொடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை சீட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மா, "இவள உடன்குடிக்கு அனுப்பிருவோம்லே. அவ அம்மா வச்சிப் பாக்கட்டும். ஒடம்பு தேறுனா வரட்டும்" என்றாள். தேறாவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டுக்குப் போனவளை ஊர் என்ன சொல்லும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி ஒருதரம் என்னைப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள்.

அம்மா வழக்கமான வாசகத்தைச் சொன்னாள். நான் வேறு எழுதினேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாதவனுக்குக் கையெழுத்தாவது இருந்தது. கண்ணாடி இல்லாமல் அம்மாவால் வாசிக்க முடியாது. மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

ஐயர் வாசித்தார். "பிள்ளையில்லாத குறை என் உடம்பில்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்." அவர் குரல் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். "என் மனைவிக்கு ஒரு குறையும் இல்லை. இதுவரை அவளுக்காக என்று நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய். எனக்காக ஜெபிக்கவும்." ஆண்கள் பக்கம் யாரோ செருமினார்கள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காது சுட்டது. ஆனால் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

மகள் பிறந்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. முட்டையா, சிகரெட்டை விட்டதா, மாத்திரையா, ஜெபமா என்று டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார்.

சீட்டு வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களுக்கு முன்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்து நாலு முட்டை அவித்தாள். என் தட்டில் இரண்டை வைத்தாள்.

"ஏலே, இத்தன நாளும் அவ முட்டயவாலே தின்ன?"

"ஆமா" என்றேன்.

மீதி இரண்டையும் அம்மாவே உரித்து என் மனைவி தட்டில் வைத்துவிட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள். "உடன்குடிக்கும் போவாண்டாம், எங்கயும் போவாண்டாம். என் கண்ணு முன்னால தின்னு."

என் மனைவி முதல் முட்டை பாதியில் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே இரண்டையும் தின்று முடித்தாள்.