பேண்டு வாத்தியத்தில் வந்த கீர்த்தனை

என் வீட்டுக்காரர் பாட்டுக் கட்டுகிறவர் என்றதும், மேசை, மைக்கூடு எல்லாம் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சிவாஜிநகரில் பட்டாளத்துக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கிற கடையில் அவர் தையல்காரர். மெஷினை மிதிக்கும்போதுதான் அவருக்கு வரி வரும். வந்ததை அளவுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். 'காலர் பதினைந்தரை' என்பதற்குக் கீழே 'கருணையுள்ள கர்த்தாவே' என்று இருக்கும். புத்தகம் கைக்கு எட்டாவிட்டால் சாக்கட்டியால் துணியிலேயே எழுதிவிடுவார். அப்படி ஒரு கர்னலின் கோட்டு உள்துணியில் முழுச் சரணம் ஒன்று போய்விட்டது. "அது அவருக்கு வேண்டியிருக்கும், கர்த்தர் குடுத்தனுப்பிட்டார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டை எடுத்தார். இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் பண்ணினால் கோபம் வருமா, வராதா? நான் கத்துவேன். அவர் அதற்கும் தொடையில் தாளம் போடுவார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். அங்கே எங்கள் சபையில் குடியும் சினிமாவும் ஒரே தட்டில் வைத்த பாவங்கள். என் வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் ஒட்டியிருக்கும் படத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டார். வீட்டில் ரேடியோவும் கிடையாது. நான் எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி இழுத்தாள். அவர் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு நாள் காலை நான் கஞ்சி வைக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வராந்தாவில் அவர் அழுதுகொண்டே சிரிக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே குழந்தை சீராக மூச்சு விட்டுத் தூங்குகிறாள்! ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்யாண ஊர்வலம் பேண்டு வாசித்துக்கொண்டு போனதாம். அந்த நேரத்தில்தான் குழந்தை கண்ணைத் திறந்து "தண்ணி" என்று கேட்டதாம்.

"கர்த்தர் பேண்டு வெச்சு அனுப்பினார்மே!" என்றார்.

அந்த பேண்டு மெட்டில்தான் 'இழுத்த மூச்சும் உமதே, விட்ட மூச்சும் உமதே' என்ற கீர்த்தனையைக் கட்டினார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட ஆலயத்தில் ஏறியதில்லை. இதை மட்டும் சபைப் பெரியவர்களான மூப்பர்கள் படித்துப் பார்த்து, அறுப்பின் பண்டிகைக்குப் பாடலாம் என்றார்கள். வார்த்தையில் வேதத்துக்கு விரோதம் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, மெட்டை ஒருவரும் கேட்கவில்லை. பாட்டைத் துண்டுத்தாளில் அச்சடித்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல!

இப்போது என் விஷயம். பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு மேட்னி பார்க்கப் போனேன். அது முதல் தடவையும் இல்லை. பாதிப் படத்தில் கதாநாயகி ஆற்றங்கரையில் தாவணியைச் சுற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். எங்கள் கீர்த்தனை! மெட்டு அப்படியே, ஒரு இழை பிசகாமல்.

வீட்டுக்கு வந்தால் அவர் மறுநாளைக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் சபை நடுவில் அவர் தலை குனியும். சொன்னால் என் குட்டு உடையும். சொல்லிவிட்டேன்.

"இன்னாமே சொல்ற? நீ சினிமாவுக்குப் போனியா?"

"போனேன். அதை அப்புறம் கேளுங்க. மெட்டை மாத்துங்க, ஜல்தி!"

"அளவெடுத்துத் தெச்ச கோட்டு. இன்னொருத்தனுக்கு எப்படிப் போடறது?"

"அப்போ சும்மா பாடிட்டு வாங்க. சினிமா மெட்டுன்னு எவன் சொல்லுவான்? சொன்னா அவன் கொட்டகைக்குப் போனது தெரிஞ்சிடும்ல?"

"கர்த்தருக்குத் தெரியும்ல" என்றார். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சட்டை கருகியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

மறுநாள் ஆலயம் முழுக்கப் பூசணியும் வாழைத்தாரும் கரும்பும். காணிக்கையாக வந்த சேவல் ஒன்று ஜெபத்தின் நடுவில் கூவியது. பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை. அவர் முறை வந்தது. முன்னால் போய் நின்றார், பாடவில்லை.

"ஐயா, இது சினிமா மெட்டாம். சத்தியமா எனக்குத் தெரியாது. எம்பொண்ணு பொழச்சப்ப வெளிய பேண்டுல கேட்டது. சபை வேணாம்னா நான் உக்காந்துடறேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சினிமா மெட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். கட்டியவள் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"நான்தாங்கையா. நேத்து மேட்னி பாத்தேன். தப்புதான். ஆனா எம்பொண்ணுக்கு மூச்சு வந்தது பொய்யில்லீங்கையா."

போதகர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முன்வரிசையில் கரும்பு மேல் கண்ணாக இருந்த எங்கள் மகளைப் பார்த்தார்.

"பாட்டைப் பாடுங்க. சினிமாவைப் பத்தி அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் பல்லவியை ஒரு தடவை தனியாகப் பாடினார். இரண்டாம் தடவை சபை எழுந்து துண்டுத்தாளைப் பார்த்துச் சேர்ந்துகொண்டது. சரணத்தில் சட்டென்று மேலே ஏறி, அரை நொடி நின்று, வளைந்து இறங்குகிற ஓர் இடம் உண்டு. மாதக்கணக்காக வீட்டில் கேட்ட எனக்கே அது பிடிபடாது. அந்த இடம் வந்தது. யாருக்கும் சொல்லிக்கொடுக்காத புதுப்பாட்டு. மூப்பர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், கடைசி பெஞ்சுக் கிழவர்கள் எல்லோரும் ஒன்றாக ஏறி, ஒன்றாக நின்று, ஒன்றாக இறங்கினார்கள்.